அம்மாவின் கழுத்தில் தொங்குவது குவாண்டம் திண்மமா?

கேள்வி: அம்மாவுக்குப் பிரஷரும் முழங்கால் உளைவும் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் 22,000 ரூபாவுக்கு ஒரு "குவாண்டம் பென்டன்" விற்றார். அது குவாண்டம் திண்மத்தால் செய்தது, பூச்சியநிலைச் சக்தி உடம்புக்குள் இறங்கும், இரவிலும் கழற்றக்கூடாது என்கிறார். அம்மா குளிசையைக் குறைக்கப் பார்க்கிறா. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கச்சியோ குவாண்டம் திண்மம் உண்மையிலேயே உண்டு என்கிறாள். யாரை நம்புவது? (வாசகர், உவர்மலை, திருகோணமலை)

பதில்: தங்கச்சி சொன்னது சரி. விற்றவர் சொன்னது பொய். விஞ்ஞானத்தில் உள்ள நல்ல சொல்லொன்றைத் திருடிப் பொய்க்குப் போர்த்தியிருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளும் ஏமாறுவது இதனால்தான்.

கடுங்குளிரிலும் அணுக்கள் அடங்காமல் பெரிதாகத் துடிக்கும் திண்மம்தான் குவாண்டம் திண்மம். அதில் முதலில் சொல்ல வேண்டியது உறைந்த ஈலியம். இரும்பு, உப்பு போன்றவற்றில் குளிரக் குளிர அணுக்கள் தம் இடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈலியம் அப்படி அடங்காது. அதன் அணு மிக இலேசானது, அணுக்களிடையே கவர்ச்சியும் அற்பம். எவ்வளவு குளிர்த்தினாலும் பெரிய துடிப்பு மிஞ்சும். பூச்சியநிலைச் சக்தி என்பது அதுதான். 1908இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஓன்ஸ் ஈலியத்தைத் திரவமாக்கினார், ஆனால் உறைய வைக்க அவரால் முடியவில்லை. 1926இல் அங்கேயே கீசொம் என்பவர் 25 வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் அமுக்கித்தான் உறைய வைத்தார். உறைந்த பின்னும் ஒவ்வோர் அணுவும் அயல் அணுவுக்குள்ள தூரத்தில் ஏறக்குறையக் கால்வாசி அலைகிறது. சாதாரணத் திண்மம் அதில் பாதி அலைந்தாலே உருகிவிடும்.

இதெல்லாம் மறை 271 பாகை செல்சியஸ் அளவில் நடப்பது. அறை வெப்பநிலையில் ஈலியத்தைத் திண்மமாக்க வேண்டுமென்றால் ஒரு இலட்சம் வளிமண்டலத்துக்கும் மேலான அமுக்கம் வேண்டும். இரண்டு வைர முனைகளுக்கிடையே வைத்து நசுக்க வேண்டும். கறுத்த நூலில் கோத்துக் கழுத்தில் போடக்கூடிய பொருளே அல்ல அது.

பூச்சியநிலைச் சக்தி உடம்புக்குள் இறங்குமா? இறங்காது. கந்தளாய்க் குளத்தில் துருசு மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் இருப்பது உண்மை, ஆனால் வயலுக்கு வராது. பூச்சியநிலை என்பதே அதற்குக் கீழே இறங்க இடமில்லாத நிலை. இறங்க இடமில்லாத சக்தியை யாரும் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

"விஞ்ஞானிகள் நிரூபித்தது" என்பார்கள். விஞ்ஞானத்தில் நிரூபணம் எப்படி நடக்கும் என்று பாருங்கள். 2004இல் அமெரிக்காவில் கிம், சான் இருவரும் திண்ம ஈலியத்தின் ஒரு பகுதி உராய்வின்றி ஓடுவதாக அறிவித்தார்கள். பளிங்கு விறைப்பதால் வந்த தோற்றம் அது என்று மற்றவர்கள் காட்ட, 2012இல் சானே மறுபடி அளந்து, அந்த விளைவு இல்லை என்று வெளியிட்டார். நிரூபணம் என்றால் அப்படி இருக்கும். இவர்கள் காட்டுவதோ கைவித்தை. உங்களைக் கையை நீட்டச் சொல்லி அழுத்துவார்கள், கை சரியும். பென்டனைப் போட்டுவிட்டு அழுத்துவார்கள், சரியாது. அடுத்த முறை அவருடைய விரல்களைப் பாருங்கள்: முதல் தடவை உடம்பிலிருந்து சற்று வெளிப்பக்கமாகவும், இரண்டாம் தடவை உடம்பை நோக்கியும் அமுக்குவார்.

இன்னொரு வித்தைதான் எனக்குப் பயம் தருகிறது. சிறு கருவியொன்றைப் பென்டன் அருகே பிடித்து, "மறை அயன் எவ்வளவு வருகிறது பாருங்கள்" என்பார்கள். கல் ஒன்று காற்றைத் தானாக அயனாக்குகிறது என்றால், அதில் கதிர்த்தொழிற்பாடு உள்ளதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இத்தகைய பொருட்கள் பலவற்றில் கதிர் வீசும் தோரியம் உள்ள கனிமத்தூள் கலந்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை குவாண்டம் பென்டன் உட்படப் பத்துப் பொருட்களைப் பெயர் சொல்லி, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது.

இதைப் படித்துவிட்டுப் புல்மோட்டைக்காரர் பதற வேண்டாம். அங்குள்ள கனிம மணலிலும் தோரியம் கொண்ட மொனசைற் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பெரும்பகுதி இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன். மொனசைற் சிறு பங்குதான். கடற்கரையில் நடப்பதும், அந்தத் தூளைச் செறிவாக்கி நெஞ்சுத் தோலோடு ஒட்டி இராப்பகலாக மாதக்கணக்கில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. தூரமும் நேரமும் வேறு. புல்மோட்டையில் வீடு இருக்கிறது என்பதற்காக யாரும் பென்டன்காரனிடம் "பாதுகாப்பு" வாங்கவும் வேண்டாம், அப்படியும் விற்பார்கள்.

பென்டனைக் கழற்றி, மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு, படுக்கையறைக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடைக்கவோ அராவவோ வேண்டாம், தூள் மூச்சோடு போகக்கூடாது. கதிர் உண்டா என்று அளக்க, அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையைக் கேளுங்கள். விற்பனை பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பற்றுச்சீட்டு கேட்பார்கள், இந்த ஆட்கள் அதைத் தருவதேயில்லை. விற்றவன் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுதந்திரமாகத் திரிய, வாங்கிய ஏழை மேசை மேசையாக அலைகிற இந்த முறை எப்போது மாறுமோ! வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலையையும் வாக்குறுதியையும் அழிக்காமல் வையுங்கள்.

"மூன்று பேரைச் சேர்த்தால் காசு திரும்ப வரும்" என்று அடுத்ததாக வருவார். ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். ஆள் சேர்த்தால் நீங்களும் அகப்படலாம்.

அம்மாவின் குளிசையில் ஒன்றைக்கூடக் குறைக்க விடாதீர்கள். ஏற்கெனவே குறைத்திருந்தால் இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பிரஷரைப் பார்த்து, எத்தனை நாள் விட்டா என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.