வீடு வாங்க வருகிறவரிடம் தரகர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் வீடு, மனை விற்பனைத் தரகு செய்துவரும் ஒருவர், பிறர் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): வீட்டைக் காட்டும் முன்பே பட்ஜெட் எவ்வளவு, லோனா ரொக்கமா என்று விசாரிக்கிறார்கள். எங்கள் வரவு செலவு அவர்களுக்கு எதற்கு?

டீச்சர், உங்கள் சம்பளம் எனக்குத் தேவையில்லை. ஆனால் நான் காட்டுகிற வீட்டில் ஆள் குடியிருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, அம்மா மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். வாரத்துக்கு நான்கு குடும்பங்கள் வந்து படுக்கையறை, சமையலறை, மாடி என்று திறந்து பார்த்துவிட்டுப் போனால், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். பணம் எங்கிருந்து வரும், எத்தனை மாதத்தில் பத்திரம் பதிய முடியும், முடிவெடுக்கிறவர் யார். மூன்றாவதுதான் பெரும்பாலும் இடறும். கணவனும் மனைவியும் வந்து பார்த்து, பிடித்து, விலையும் பேசிய பிறகு, பணம் கொடுக்கப்போகிற மாமனார் வந்து திசை சரியில்லை என்பார். அவரையும் முதல் நாளே அழைத்து வாருங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): வங்கிக் கடன் கிடைக்கும் என்று சொன்ன பிறகும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது நியாயமா?

நியாயம்தான். 60 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டி வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் அதிகபட்சம் 48 லட்சம். கைப்பணம் 12 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த விலை வீட்டுக்கு இதை வங்கி கடன் கணக்கில் சேர்க்காது. எனவே தரகு, வக்கீல் செலவு நீங்கலாகவே 17 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். பலர் 12 லட்சத்தோடு நின்றுவிடுகிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால், பணம் திரும்புவது பெரும்பாடு. வங்கியில் முதலிலேயே சிபில் மதிப்பெண்ணையும் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண்) வருமானத்தையும் காட்டி, எவ்வளவு கிடைக்கும் என்று கடிதம் வாங்கி வருகிறவரிடம் நான் வேறு எதுவும் கேட்பதில்லை.

கேள்வி (சொந்த ஊர் கருங்கல், வேலை கத்தாரில்): நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்றதும் ஒரு தரகர் தென்னந்தோப்பைக் காட்ட மறுத்துவிட்டார். நம்பிக்கை இல்லையா?

தம்பி, அவர் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாடு வாழ் இந்தியர் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம்; வேளாண் நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தாய் தகப்பன் வழி வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பரும் தென்னையுமாக இருக்கிற ஊரில், விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் ஆசை இதுதான். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் வீடும் சுற்றிலும் மரங்களுமாக இருக்கிற இடம் என்றால், பட்டாவில் நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று வக்கீலிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஊரில் இருப்பவருக்குப் பவர் (உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து வீடு வாங்குவதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். எப்போது பதிய முடியும் என்று தரகர் தேதி கேட்பது இதற்காகத்தான்.

கேள்வி (நாகர்கோவில்): எனக்குப் பணம், கடன் எல்லாம் தயார். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டுவிட்டு, அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

படிக்கவே கோபம் வருகிறது. இது நடக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஊர்ப்பெயரைக் கேட்டு, கோயிலா சர்ச்சா பள்ளிவாசலா என்று சுற்றிவளைத்துக் கேட்டு ஆளைக் கழிக்கிறவர்கள் உண்டு. "உடமைக்காரர் சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய?" என்பார்கள். மாட்டேன் என்று அவரிடம் சொல்லலாமே! அப்படிச் சொல்லி வீட்டைக் கைவிட்ட தரகர்களும் இங்கே இருக்கிறார்கள். வாங்குகிறவரின் பணம், காலம், முடிவு, இவற்றுக்கு அப்பால் தரகர் எடைபோட எதுவுமில்லை. அந்த ஆளை விட்டுவிட்டு வேறு தரகரைப் பாருங்கள். அதே வீடு இன்னொருவர் கையிலும் இருக்கும்.

கேள்வி (குலசேகரம்): ஆதார் நகலும் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கிறார்.

வீடு பார்க்கவா? கொடுக்காதீர்கள். வங்கிக் கடிதத்தைக் காட்டினால் போதும். ஒப்பந்தம் எழுதும்போதுதான் ஆதாரும் பான் எண்ணும் தேவை.

கேள்வி (களியக்காவிளை, வீட்டை விற்பவர்): வருகிறவர் உண்மையில் குடியிருக்க வாங்குகிறாரா, கைமாற்றி விற்கப் பார்க்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள் அண்ணாச்சி. கடலோரப் பகுதியில் ஒரு வீட்டைக் காட்டினேன். வந்த பெண்மணி கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், வாளியில் இறைத்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சித்திரையிலும் இப்படித்தான் இருக்குமா, உப்புக் கரிக்குமா?" என்றார். அடுத்து, ஆம்புலன்ஸ் இந்த முடுக்குக்குள் வருமா என்றார். வயதான மாமியாரை வைத்துக்கொண்டு குடிவரப்போகிறவரின் கேள்விகள் அவை. அவர்தான் வாங்கினார்.

கைமாற்ற நினைக்கிறவர் தண்ணீரைப் பற்றிக் கேட்க மாட்டார். ஒப்பந்தக் காலம் (பத்திரம் பதியும்வரையான அவகாசம்) பதினொரு மாதம் வேண்டும், பத்திரம் நான் சொல்கிற பெயருக்கு எழுதித் தர வேண்டும், முன்பணம் சிறிதாகத்தான் தருவேன் என்பார். அது குற்றமில்லை. ஆனால் அவருக்கு ஆள் கிடைக்கும்வரை உங்கள் சொத்து முடங்கிக் கிடக்கும். காலத்தை மூன்று மாதமாகச் சுருக்குங்கள். போதிய முன்பணம் கேளுங்கள். ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய (விற்பனை) ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம்.

கேள்வி: முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் உடனே முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரும். வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு): அப்படியானால் தரகரை நாங்கள் எப்படிச் சோதிப்பது?

புதிய குடியிருப்புத் திட்டம் என்றால், திட்டத்துக்கும் தரகருக்கும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், இணையத்தில் பார்க்கலாம். பழைய தனி வீடு என்றால், வில்லங்கச் சான்றும் (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) பட்டாவும் கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இழுத்தடித்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி (தக்கலை): இருக்கிற வீட்டை விற்றால்தான் அடுத்த வீடு வாங்க முடியும். இதைச் சொன்னால் எங்களை ஓரங்கட்டிவிடுவாரே?

சிலர் ஓரங்கட்டுவார்கள். இருந்தும் முதல் நாளே சொல்லிவிடுங்கள் அக்கா. எனக்குத் தெரிந்தால், அவசரமில்லாத உடமைக்காரராகப் பார்த்துக் கூட்டிப்போவேன், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு முன்பணம் வாங்கிய பிறகு அங்கே முன்பணம் கொடுங்கள். இரண்டு ஒப்பந்தங்களின் கடைசித் தேதிகளுக்கும் நடுவே ஒரு மாதமாவது இடைவெளி இருக்கட்டும். உங்கள் வீடு முதலில் முடிய வேண்டும்.