பென்சிலுக்கென்று இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

கெஸ்விக் என்ற சிற்றூரில் உள்ள டெர்வென்ட் பென்சில் அருங்காட்சியகத்தைத்தான் கேட்கிறீர்கள். நான் போய் வந்திருக்கிறேன். அங்கிருக்கும் ஒரே ஒரு பென்சிலுக்காகவே போகலாம் என்பேன். முன்கதை தெரிந்தால்தான் அதன் அருமை புரியும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இடம் சின்னது. உள்ளே நுழையும் வழியையே சுரங்கம் மாதிரி அமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருள், கிடைத்தது. பொடியாக இல்லை, அப்படியே ரம்பத்தால் அறுக்கும்படி கட்டி கட்டியாக, அவ்வளவு சுத்தமாக. ஊர்க்காரர்கள் அதை 'வாட்' என்று அழைத்தார்கள், ஆடுகளுக்கு அடையாளம் போடப் பயன்படுத்தினார்கள். பிறகு சதுரக் குச்சிகளாக அறுத்து, மரத்தில் காடி எடுத்து அதற்குள் வைத்து ஒட்டினார்கள். பென்சில் பிறந்தது இப்படித்தான்.

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கு உள்ளே பூசவும் இது உதவியதால் விலை எகிறியது. திருட்டும் கூடியது. சுரங்கத்துக்கு ஆயுதக் காவல் போட்டார்கள். தேவையான அளவு வெட்டி எடுத்ததும், யாரும் இறங்க முடியாதபடி உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். இதைத் திருடினால் கடுங்காவல் அல்லது நாடு கடத்தல் என்று 1752இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நாம் சீவித் தள்ளுகிற பொருளுக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒருவகை ஈயம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் பென்சில் முனைக்கு இன்றும் ஈயம் என்றே பெயர். அது கரிதான் என்று 1779இல் காட்டியவர் ஷீலே என்ற வேதியியலாளர். தமிழில் நாம் கரிக்கோல் என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்!

பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் கல் வருவது நின்றுபோனது. கோன்தே என்பவர் மட்டமான கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு, 1795இல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் முனை கடினமாகும், குறைந்தால் மென்மையாகிக் கருப்பாக எழுதும். எச் (கடினம்), பி (கருப்பு) என்று பென்சிலில் பார்க்கிறோமே, அதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

கிட்டத்தட்ட 8 மீட்டர் நீளத்தில் ஒரு ராட்சத வண்ணப் பென்சிலும் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அவர்களுக்குப் பிடிக்கும்.

நான் சொல்லவந்த பென்சில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பச்சை வண்ணம், நுனியில் உலோக வளையம், அதில் ரப்பர். பார்க்கச் சாதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களுக்காகச் செய்தது. பிரிட்டிஷ் அரசுக்கு ரகசியக் கருவிகள் வடிவமைத்துக் கொடுத்த சார்லஸ் ஃப்ரேசர்-ஸ்மித்தின் யோசனை. முழுதாகச் செய்து முடித்த பென்சிலின் உள்ளே குடைந்து, மெல்லிய தாளில் அச்சிட்ட ஜெர்மனி வரைபடத்தை இறுக்கமாகச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். ரப்பருக்கு அடியில் சட்டைப் பித்தானைவிடச் சிறிய திசைகாட்டி. முனைப்பக்கம் மட்டும் கரியை விட்டுவைத்ததால் எழுதவும் எழுதும். எதிரி மண்ணில் விழுந்தவன் சட்டைப் பையில் ஒரு பென்சில் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆலையில் எல்லோரும் வேலை முடிந்து போன பிறகு, ரகசியம் காப்பதாக உறுதி கொடுத்த மேலாளர்கள் சிலரே திரும்பி வந்து இதைச் செய்தார்களாம். பகலில் அதே பட்டறையில் பென்சில் செய்தவர்களுக்கு விஷயமே தெரியாது. அந்தச் சுருட்டிய தாளையும் திசைகாட்டியையும் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

போனால் அந்தப் பெட்டியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ராட்சதப் பென்சிலைத் தேடும் வேகத்தில் இது கண்ணில் படாமலே போய்விடும்.