இரண்டு எம்பிபிஎஸ் சீட்: எதில் சேர்ப்பது?

கேள்வி: மகளுக்கு மாநிலக் கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 13.5 லட்சம். எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) இரண்டாம் சுற்றில் சென்னை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும் வந்திருக்கிறது. அங்கே 25 லட்சம். "பேர் பெற்ற இடம், விட்டுடாதீங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பாதிப் பணத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். எதில் சேர்ப்பது?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: சுயநிதிக் கல்லூரியில் சேருங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அதன் மருத்துவமனைக்கு நோயாளிகள் வர வேண்டும்.

முதலில் பணம். படிப்பு நாலரை ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவம். நாலரை ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஒன்று 60.75 லட்சம், மற்றது 112.5 லட்சம். வித்தியாசம் மட்டும் 51.75 லட்சம். ஐந்தாண்டுக் கட்டணம் வாங்கும் இடங்களும், ஆண்டுதோறும் கட்டணத்தை ஏற்றும் இடங்களும் உண்டு. இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. 50 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால், அசலைத் தொடாமலே மாதம் 41,000 ரூபாய்க்கு மேல் போகும். 7.5 லட்சத்தைத் தாண்டும் கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நிலை அது.

இவ்வளவு கூடுதலாகக் கொடுத்து வாங்குவது என்ன? இரண்டும் எம்பிபிஎஸ் பட்டம்தான். பிறகு முதுநிலைப் படிப்பான எம்டி, எம்எஸ் சேர நீட் பிஜி நுழைவுத் தேர்வு மதிப்பெண்தான் பேசும், கல்லூரிப் பெயர் பேசாது. ஒரு வேறுபாடு: சுயநிதிக் கல்லூரி எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால் பல கல்லூரிகளுக்கும் பொதுவான வினாத்தாள், நிகர்நிலையில் தேர்வை அவர்களே நடத்துகிறார்கள். பொது வினாத்தாள் எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது நோயாளிகளை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 150 இடம் உள்ள கல்லூரிக்கு 605 படுக்கை வேண்டும், அதில் 80 சதவீதம், அதாவது 484 படுக்கை நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் தாளில் இருப்பதும் வார்டில் இருப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு திங்கள் அல்லது செவ்வாய் காலை போங்கள். 9 மணிக்கு ஒரு புறநோயாளிச் சீட்டு போடுங்கள், 12 மணிக்கு இன்னொன்று. வரிசை எண் அச்சாகியிருந்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கதையை இரண்டு எண்களின் இடைவெளியே சொல்லிவிடும். பிறகு பொது மருத்துவ வார்டில் ஒரு சுற்று. கட்டிலில் போர்வை மடித்தபடி இருக்கிறதா, பக்கத்து மேசையில் மருந்துச் சீட்டும் சாப்பாட்டுத் தூக்கும் இருக்கின்றனவா? பிரசவ வார்டில் மாதம் எத்தனை பிரசவம் என்று செவிலியரிடம் கேளுங்கள். முகாம் என்று கூட்டி வந்து ஒரு நாளைக்குப் படுக்கையை நிரப்புவதாகப் புகார்கள் உண்டு; அதனால் இரவு 8 மணிக்கு அவசரப் பிரிவையும் எட்டிப் பாருங்கள்.

கடைசியாக, கேன்டீனில் பயிற்சி மருத்துவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். தையல் போட, பிரசவம் பார்க்கக் கையில் விடுகிறார்களா, உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறதா, வந்ததைத் திருப்பித் தரச் சொல்கிறார்களா? முதல்வர் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். வார்டு காலியாக இருந்தால் எங்கள் பரிந்துரையும் மாறும். அப்போதும் சொத்தை அடகு வைக்கத் தயாரா என்று வீட்டில் பேசிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: நிகர்நிலை இடத்தை விட்டால் கட்டிய 2 லட்சம் வைப்புத்தொகை போய்விடுமா?

பதில்: முதல் சுற்று என்றால் சேராமல் விட்டாலும் பணம் திரும்பும். இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் போய்விடும். 5,000 ரூபாய் பதிவுக் கட்டணம் எப்படியும் திரும்பாது. வலிக்கும்தான், ஆனால் 2 லட்சத்தைக் காப்பாற்ற 51 லட்சம் செலவழிக்கக் கூடாது. சேர்ந்துவிட்டுப் பிறகு விலகுவதானால் எம்சிசி தளத்தின் வழியாகக் கல்லூரி எடுத்துத் தரும் விலகல் கடிதம் வேண்டும். கையால் எழுதிக் கொடுத்த கடிதம் செல்லாது. அசல் சான்றிதழ்கள் ஒரே செட் என்பதால், எங்கே சேர்வதென்று முடிவாகும் வரை எந்தக் கல்லூரியிலும் ஒப்படைக்காதீர்கள். கட்டணத்துக்கு மேல் "நன்கொடை" கேட்டால் அது தமிழ்நாட்டின் 1992 நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் மட்டும் செலுத்தி, எந்த ஆண்டுக்கு, எந்தத் தலைப்பில் என்று எழுதிய ரசீது வாங்குங்கள்.