கிறிஸ்துமஸ் சீட்டா, நகைக்கடனா, கேரளச் சிட்டியா?

கேள்வி: சார், எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை பக்கம். வீட்டுக்காரர் வளைகுடாவில் கிரேன் ஆபரேட்டர். மாதம் 30,000 ரூபாய் அனுப்புகிறார். வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். வீட்டுச் செலவு 23,000 ஆகும். 60 சென்ட் ரப்பர் இருக்கிறது. பால்வெட்டுக் கூலி போக நல்ல மாதத்தில் 4,000 கிடைக்கும், ஆனால் அது எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. ஓணத்தில் தொடங்கிப் புத்தாண்டு வரை கையில் காசு நிற்காது. போன டிசம்பரில் தனியார் ஃபைனான்ஸில் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து 60,000 வாங்கினேன். 18 சதவீத வட்டி. மாதாமாதம் மிச்சம் பிடித்து, போன வாரம்தான் 69,000 கட்டித் திருப்பினேன். மறுபடியும் டிசம்பர் வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார். மாதம் 1,000 வீதம் 12 மாதம் கட்டினால், டிசம்பரில் 12,000 ரூபாயும் 2,500 ரூபாய்க்கு அரிசி, எண்ணெய், பாத்திரம், கேக் எல்லாமும் தருவார். இரண்டு வருடமாகச் சரியாகக் கொடுக்கிறார். இரண்டு சீட்டு போடச் சொல்கிறார். வீட்டுக்காரரோ, கேரள எல்லைக்குள் பாறசாலையில் இருக்கும் தன் தம்பி பெயரில் கேரள அரசு சிட்டியில் (ஏலச் சீட்டில்) சேரலாம் என்கிறார். இந்த வருடம் டிசம்பர் 22 அன்று அவர் மூன்று வார விடுப்பில் வருகிறார், போனஸும் லீவ் சம்பளமும் சேர்த்து 60,000 கொண்டுவருவார். டிக்கெட் கம்பெனி கொடுக்கும். நான் என்ன செய்யட்டும்? செலவுக் கணக்கை எழுதியிருக்கிறேன்: ஓணம் 8,000, அறுப்பின் பண்டிகை (சபையின் அறுவடை விழா) 3,000, துணி 15,000, கேக், பலகாரம், இறைச்சி 9,000, ஸ்டார், லைட், குடில் 2,500, நாத்தனார் வீட்டுக்கும் மாமியாருக்கும் 10,000, காணிக்கை, கேரல், புத்தாண்டு 4,500, ஜனவரியில் பள்ளிக் கட்டணம் 12,000. (பெயர் வேண்டாம்)

பதில்: கணக்கை இப்படி வரி வரியாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

மொத்தம் 64,000 வருகிறது. அதை விட்டுவிட்டு உங்கள் கடிதத்தில் இன்னொரு எண்ணைப் பாருங்கள். பத்து மாதத்தில் 69,000 சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாதம் 6,900. கையில் காசே நிற்பதில்லை என்று எழுதுகிற நீங்கள் பத்து மாதம் விடாமல் 6,900 மிச்சம் பிடித்திருக்கிறீர்கள், அதுவும் ரப்பர் காசைத் தொடாமல். உங்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு அதற்காகச் சேமிக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்தத் தலைகீழ் வரிசைக்கு நீங்கள் கொடுத்த விலை 9,000 ரூபாய். உங்கள் பட்டியலில் கேக், பலகாரம், இறைச்சிக்கு ஆகும் மொத்தச் செலவும் அதே 9,000தான்.

சரி, தெருச் சீட்டுக்கு வருவோம். அந்த அக்காவை நான் குறை சொல்லவில்லை, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் கணக்கு ஓடுமா என்று பார்க்க வேண்டும். மாதம் 1,000 கட்டுகிறீர்கள். முதல் தவணை அவரிடம் 12 மாதம் இருக்கிறது, கடைசித் தவணை ஒரு மாதம்தான். சராசரி பார்த்தால், ஒரு வருடம் முழுக்க 6,500 ரூபாய் அவரிடம் இருந்ததற்குச் சமம். அதற்கு 2,500 ரூபாய்க்குப் பொருள் தருகிறார் என்றால் வருடத்துக்கு 38 சதவீதம். பொருளை மொத்த விலையில் வாங்குவார், அதனால் அவர் கையிலிருந்து போவது கொஞ்சம் குறையலாம். குறைந்தாலும் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். எந்த வங்கியும் இதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. அப்படியானால் இந்தப் பணம் வெளியே நூற்றுக்கு மூன்று வட்டி, நாலு வட்டி என்று ஓடுகிறது. வாங்குகிறவர் யார்? பெரும்பாலும் அதே தெருக்காரர், அல்லது பக்கத்துத் தெருக்காரர். அவர்களில் நாலு பேர் நவம்பரில் கைவிரித்தால் டிசம்பர் பத்தாம் தேதி அந்த அக்கா வீட்டு வாசலில் தெருவே நிற்கும். இரண்டு வருடம் சரியாகக் கொடுத்தார் என்பது மூன்றாம் வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. முதல் இரண்டு வருடம் ஒழுங்காகக் கொடுத்தால்தானே மூன்றாம் வருடம் கூட்டம் சேரும்?

சட்டப்படி இது சீட்டே இல்லை. 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் வரும் சீட்டுக்கு ஏலமோ குலுக்கலோ இருக்கும், பதிவும் முன் அனுமதியும் வேண்டும். இங்கே நடப்பது வெறும் டெபாசிட் வசூல். ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து 2019இல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. தீபாவளிப் பண்டு, கிறிஸ்துமஸ் பண்டு என்று எந்தப் பெயர் வைத்தாலும், ஊராரிடம் இப்படிப் பணம் வாங்குவது அதற்குள் வந்துவிடும். சங்கடம் என்னவென்றால், பணம் போனால் புகார் கொடுக்க உங்களுக்கே மனசு வராது. ஒரே சபை, ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சு. சேர வேண்டாம். காரணம் கேட்டால் வீட்டுக்காரர் வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடச் சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள், வளைகுடாவில் இருப்பவரிடம் யாரும் போய்க் கேட்கப் போவதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது வேறு ரகம். அந்தச் சிட்டியை நடத்தும் கே.எஸ்.எஃப்.இ. 1969இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனம், பணத்துக்குப் பயம் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் அதன் மேல் ஒரு மரியாதை உண்டு, நியாயமான மரியாதைதான். ஆனால் சிட்டி என்பது வீடு கட்ட, கல்யாணம் நடத்த, நிலம் வாங்க. ஒரு லட்ச ரூபாய் சிட்டி என்றால் மாதம் 2,500 வீதம் 40 மாதம். ஆரம்பத்திலேயே எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தள்ளிக் கேட்பார்கள், தள்ளுபடி 30 சதவீதம் வரை போகும். அதாவது லட்சத்துக்கு 70,000தான் கைக்கு வரும். பண்டிகை நேரத்தில் பணம் தேவைப்படுவது உங்களுக்கு மட்டுமா? எல்லோருக்கும் தேவைப்படும் மாதத்தில் ஏலம் கேட்டால் அதிகமாகத் தள்ளித்தான் எடுக்க முடியும். எடுத்த பிறகு மீதித் தவணைக்கு ஜாமீன் கொடுக்க வேண்டும். சேர்வது தம்பி பெயரில் என்றால் அந்த ஜாமீனுக்கு ஓடுவதும் அவர்தான், காசோலை வருவதும் அவர் பெயரில்தான். அண்ணன் தம்பிக்குள் பகையை உண்டாக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ பிற்பாடு யோசியுங்கள், கேக்குக்கும் ஸ்டாருக்கும் சிட்டி வேண்டாம்.

நான் சொல்வது சாதாரண வங்கி ஆர்.டி., ஆனால் தொடங்கும் மாதம் முக்கியம். நிறையப் பேர் புத்தாண்டுத் தீர்மானம் என்று ஜனவரியில் தொடங்குகிறார்கள். 12 மாத ஆர்.டி. அடுத்த ஜனவரியில்தான் முதிரும், கிறிஸ்துமஸ் போய்ப் புத்தாண்டும் வந்திருக்கும். நீங்கள் இந்த நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குங்கள். அடுத்த நவம்பர் முதல் வாரம் கையில் பணம் இருக்கும், துணிக்கடைக்கும் மளிகைக்கும் நேரம் சரியாக அமையும். நவம்பர் 1 நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. 1956இல் அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தோம். எல்லைக்கோடு மாறியதே தவிர செலவு பிரியவில்லை. அந்தப் பக்கத்து ஓணமும் நமக்கு, இந்தப் பக்கத்துத் தீபாவளியும் நமக்கு, சொந்தமாகக் கிறிஸ்துமஸ் வேறு.

மாதம் 4,500 போடுங்கள். வட்டி 6.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 54,000 கட்டியதற்கு 1,900 சேர்ந்து 55,900 வரும். உங்கள் 64,000இல் ஓணம் 8,000ஐக் கழித்தால் 56,000. அதாவது அறுப்பின் பண்டிகை முதல் பள்ளிக் கட்டணம் வரை, எதையும் குறைக்காமல், ஒரு நூறு ரூபாய் தவிர முழுசாக அடங்கிவிடுகிறது. உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நவம்பருக்கு முன்பே வந்தால் அந்த 3,000ஐ மட்டும் முன்கூட்டி எடுத்துவையுங்கள். மாதம் 6,900 மிச்சம் பிடித்தவருக்கு 4,500 கட்டியபின் இன்னும் 2,400 நிற்கும். ஓணக்கோடியும் (ஓணப் புதுத்துணி) பாறசாலைப் பயணமும் அதிலேயே முடியும். கணக்கு வங்கியில் இருக்கட்டும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத்துக்கானது, மூன்று வருடத்துக்கு முன் முடிக்கவும் முடியாது, இந்த வேலைக்கு உதவாது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. தெரு அக்காவிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடத்துக்கு ஆர்.டி. உதவாது, இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஓணம் முடிந்துவிட்டது, பள்ளிக் கட்டணம் ஜனவரியில். இடையில் நிற்பது 44,000. இதில் இந்த ஒரு வருடம் மட்டும் துணியில் 5,000, நாத்தனார் வீட்டுக் கணக்கில் 5,000 குறையுங்கள். நாத்தனார் கோபித்துக்கொள்வாரே என்றால், அவருடைய அண்ணன் நேரில் வருகிறார், பெட்டியைத் திறந்து ஒரு சென்ட் பாட்டிலும் மிட்டாயும் எடுத்துக் கொடுத்தால் 5,000 ரூபாய்ச் சேலை நினைவுக்கு வராது. பலகாரத்தில் கைவைக்காதீர்கள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கமில்லை. முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான் செலவு, அச்சுமுறுக்குக்கு அச்சு மாமியாரிடம் இருக்கும். பேக்கரியில் வாங்குவதைக் குறைத்து வீட்டில் சுட்டால் அந்த 9,000இலும் கொஞ்சம் மிஞ்சும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மட்டும் கவனம். ஒரு வாழைக்குலைக்கு ஆள் மாற்றி ஆள் ஏற்றும்போது கை தானாகத் தூக்கும். கோயிலுக்குத்தானே போகிறது என்று மனசும் சொல்லும். 3,000 என்று எழுதியதை 3,000இல் நிறுத்துங்கள்.

ஆக 34,000 வேண்டும். நவம்பர், டிசம்பர் மிச்சம் 13,800இல் ஆர்.டி. 9,000 போக 4,800. ரப்பரில் இரண்டு மாதத்துக்கு 8,000, ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை வெட்டு நாளைத் தின்றுவிடும், மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (உறைந்த கழிவு ரப்பர்) விற்ற காசு இனி வீட்டு மேசை இழுப்பறைக்குப் போகக் கூடாது, அன்றே வங்கிக் கணக்கில் போடுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத காசு அங்கேதான் போகிறது. இவை போகச் சுமார் 21,000 குறைகிறது.

அதற்கு நகைக்கடன் வாங்கலாம். ஆச்சரியப்படாதீர்கள். நகைக்கடன் கெட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை, பத்து மாதம் இழுத்ததுதான் வினை. வங்கியிலோ ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ 10 சதவீத அளவில் கிடைக்கும். நவம்பர் கடைசியில் 21,000 வாங்கி, டிசம்பர் கடைசியில் திருப்பினால் வட்டி 175 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணம் தனி, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கம் ஏறியிருப்பதால் அதே சங்கிலிக்குப் போன வருடத்தைவிட நிறைய தருவதாகச் சொல்வார்கள். தலையாட்டாதீர்கள். ஒரு பவுன் நகை இருந்தால் அதை மட்டும் கொண்டுபோங்கள், சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்காரர் கொண்டுவரும் 60,000இல் முதல் செலவு அந்தக் கடன், இரண்டாவது பள்ளிக் கட்டணம். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து விருந்தாளிகள் கலைந்ததும், புத்தாண்டுக்கு முன்பே வங்கிக்குப் போய்விடுங்கள். 26,800 மிஞ்சும். ஜனவரி வீட்டுச் செலவு 23,000 போனால் 3,800. அந்த மாத ஆர்.டி.க்கு ரப்பர் காசோடு சேர்த்தால் சரியாகிவிடும்.

பிப்ரவரிதான் இழுபறி. விடுப்பில் வந்த நாட்களுக்குச் சம்பளம் குறைந்து வரும், அதே நேரத்தில் ரப்பரும் இலையுதிர்ந்து வெட்டு நின்றிருக்கும். டிசம்பர் கடனை எல்லோரும் மாசி, பங்குனியில் அடைக்கத் திட்டமிடுகிறார்கள், ரப்பர் வீட்டில் பால் இல்லாத மாதங்கள் அவைதான். போன வருடம் நீங்கள் தவித்ததும் இதனால்தான் இருக்கும். அதனால் மூன்று வார விடுப்பில் புது போன், வீட்டுக்குப் பெயின்ட் என்று எந்த யோசனை வந்தாலும், அடுத்த ஓணம் தாண்டட்டும் என்று தள்ளிவையுங்கள். பிப்ரவரித் தவணைக்கு 4,500ஐ அவர் விமானம் ஏறும் முன்பே ஆர்.டி. இணைந்திருக்கும் கணக்கில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். தவணை தவறினால் அபராதம் சின்னதுதான், ஆனால் ஒரு மாதம் விட்டவர்கள் அடுத்த மாதமும் விடுவார்கள்.

ஆர்.டி. உங்கள் பெயரில் இருக்கட்டும், நாமினியாக அவர் பெயரைப் போடுங்கள். வங்கிக்குப் போகும்போது ஆதார், பான், இரண்டு புகைப்படம் போதும். நவம்பர் முதல் வாரத்திலேயே போங்கள்.