உருண்டை எழுத்துக்கு 600 ராண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பெயர்ப்பலகை, டி-ஷர்ட், விற்பனைக்கு ஓர் அரிச்சுவடி, மூன்றுக்கும் குழந்தைகளுக்குப் பிடிக்கிற உருண்டையான எழுத்துரு வேண்டும். இணையத்தில் 600 ராண்டுக்கு ஒன்று பார்த்தேன். மாதிரிப் படங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, அவசரப்படாதீர்கள். மாதிரியில் தமிழ் இல்லையென்றால் எழுத்துருவிலும் அநேகமாக இராது. அதில் 'காவடி' என்று தட்டினால், விண்டோஸ் கணினி சத்தமில்லாமல் தன்னிடமுள்ள நிர்மலா எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். ஆங்கிலம் பலூனாகவும் தமிழ் அரசாங்கக் கடிதமாகவும் ஒரே பலகையில் நிற்கும்.

தமிழ் உண்டு என்று சொன்னாலும், பணம் கட்டுமுன் 'பாரம்', 'கண்ணன்' என்ற இரண்டு சொற்களை அந்த எழுத்துருவில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். உருட்டுகிறேன் பேர்வழி என்று சிலர் ரகரத்தின் அடிக்கீற்றை வெட்டிவிடுகிறார்கள். பிறகு 'பாரம்' என்பதில் எது கால், எது ர? நமக்குப் பழக்கத்தில் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான். தடித்த எழுத்தில் அந்தச் சுழி அடைத்துக்கொள்ளும். புத்தகத்தில் வரப்போகிற அளவிலேயே அச்செடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாகப் பார்த்தால் எல்லாம் அழகுதான்.

அடுத்தது உரிமம். 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தால் விற்கும் புத்தகத்துக்கு ஆகாது. பணம் திரும்பும் என்றும் நம்பாதீர்கள். இணையத்தில் வாங்கிய பொருளை 7 நாளுக்குள் திருப்பித்தர 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உறை பிரித்த கணினி மென்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை.

முதலில் 'பாலூ தம்பி 2' எழுத்துருவைப் பாருங்கள். மும்பையின் ஏக் டைப் குழுவினர் செய்தது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம். கொழுகொழுவென்று தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக, ஐந்து தடிப்புகளில் கிடைக்கிறது. அதன் திறந்த உரிமத்தின்படி டி-ஷர்ட்டிலும் புத்தகத்திலும் போட்டு விற்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. இதற்கும் அதே 'பாரம்', 'கண்ணன்' சோதனை உண்டு. என்னைக் கேட்டால் பலகைக்கும் அட்டைக்கும் இது போதும். பிள்ளை பார்த்து எழுதிப் பழகும் உள்பக்கங்களுக்குச் சாதாரணமான மெல்லிய எழுத்தே நல்லது.

டி-ஷர்ட் அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். எங்கள் காவடிக் குழு இதைச் செய்யவில்லை. அச்சகத்தின் பழைய மென்பொருளுக்குத் தமிழ்க் கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. அது வகரத்தைத் தாண்டி லகரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டது. தைப்பூசத்தன்று நாற்பது பேர் முதுகில் 'வேல்' இல்லை, 'வலே்' இருந்தது.