தலைகுனிந்து நிற்கும் பிக்கப்: வாசகர் கேள்விகள்

என் இசுஸு வி-கிராஸ் பிக்கப்பின் சஸ்பென்ஷனைப் போன வருடம் உயர்த்தினேன். முன்பக்கம் தலைகுனிந்து நிற்கிறது. முன் ஸ்பிரிங்குக்கு மேல் எத்தனை அங்குல ஸ்பேசர் வளையம் போட வேண்டும்? – ஆவடி வாசகர்

எவ்வளவு குனிந்திருக்கிறது என்று எழுதாமல் எவ்வளவு நிமிர்த்துவது என்று கேட்டால், நான் என்ன ஜோசியமா பார்ப்பது? அளந்துவிட்டு எழுதுங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டிய பிறகு டேப்பை எடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் ஸ்பிரிங் இன்னும் உட்கார்ந்திருக்காது. எல்லோரும் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் வளைவைத்தான் அளக்கிறார்கள். முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை என்று யார் சொன்னது? வண்டியின் சாய்வைக் கதவுக்கு அடியிலுள்ள விளிம்புதான் காட்டும். அதன் முன்முனையையும் பின்முனையையும் தரையிலிருந்து அளந்து, இரண்டு பக்கக் கணக்கையும் அனுப்புங்கள்.

முன்னால் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டேன். வண்டி இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறிவிட்டது. கடைக்காரர் தவறான பொருளைக் கொடுத்துவிட்டாரா? – அம்பத்தூர் வாசகர்

இல்லை. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உட்கார்ந்திருப்பது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில், சக்கரம் இருப்பது அதன் நுனியில். ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு பங்கு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு ஏறும். அந்த 30 மி.மீ. ஸ்பேசரின் தடிமனா, வண்டியின் ஏற்றமா என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஏற்கெனவே 2 அங்குல பிளாக் இருக்கிறது. முன்பக்கத்தை உயர்த்தியதும் பின்பக்கம் தாழ்ந்து தெரிகிறது. லேத்தில் இன்னொரு பிளாக் கடைந்து அதன்மேல் வைத்துத் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? – பூந்தமல்லி வாசகர்

கூடாது. பிளாக் மேல் பிளாக் கூடவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வேறு ஊரிலிருந்து திரும்பி வருகிறது.

பிரேக்கை மிதிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் பின் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் மட்டுமே. பிளாக் உயர உயர அந்த முறுக்குக்கு நெம்புகோல் நீளுகிறது. பட்டை நெளிந்து, வண்டி கிளம்பும்போது பின்பக்கம் குதிக்கும். இரண்டு பிளாக்குகளையும் ஒன்றோடொன்று நிறுத்தி வைத்திருப்பது ஒரு சின்னக் குமிழ். அது வெட்டுப்பட்டால் ஆக்ஸில் இடம் மாறிவிடும். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரிக்குப் பக்கத்தில் இது நடக்க வேண்டுமா? இப்படி வந்த ஒரு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இரண்டு அலுமினியக் கட்டைகள். அவை சேருமிடத்தில் தேய்ந்து பளபளக்கும் கோடு, அதைச் சுற்றிக் கறுப்புத் தூள். உரிமையாளருக்குத் தெரிந்ததெல்லாம் பின்னாலிருந்து ஏதோ சத்தம் வருகிறது என்பதுதான்.

ஒரே துண்டான எஃகு பிளாக் போடுங்கள். அல்லது ஒரு பட்டை கூடுதலாகச் சேருங்கள். பட்டைகள் தொய்ந்திருந்தால் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்து வளைவை மீட்டெடுங்கள். புதுப்பேட்டையில் பழைய பட்டை வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் அகலத்தையும் தடிமனையும் பார்க்கவும். எந்த வழியானாலும், ஆக்ஸிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை முடுக்கிய யூ போல்ட் நீண்டுபோனது, அதை நம்ப முடியாது. குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்.

இன்னொன்று. சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உண்டு. ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் இடைவெளி கூடினால், வண்டி காலியாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிளாக் போட்ட அளவுக்கு அந்தக் கம்பியின் பிடிமானத்தையும் சரிசெய்ய வேண்டும். கேட்காமலே இதைச் செய்துதரும் பட்டறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முன்னும் பின்னும் சமமாக்கிவிட்டேன். கோயம்பேட்டிலிருந்து மூட்டை ஏற்றி வந்தால் எதிரே வருபவர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். – போரூர் வாசகர்

அவர்கள் திட்டுவது நியாயம். பாரம் ஏறினால் பின்பக்கம் இறங்கும் என்று தெரிந்துதான் தொழிற்சாலையிலேயே அதை உயர்த்தி வைக்கிறார்கள். நீங்கள் அந்த உயரத்தை அழித்துவிட்டீர்கள், ஹெட்லைட் இப்போது மரக்கிளைகளைப் பார்க்கிறது. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வைத்து அளந்து சமப்படுத்துங்கள். காலியாக நிற்கும்போது பின்பக்கம் ஓர் அங்குலம் தூக்கலாக இருந்தால் அது அழகுக் குறைவல்ல. ஹெட்லைட்டின் ஒளியையும் கீழ்நோக்கி இறக்கிச் சரிசெய்யுங்கள்.

உயர்த்திய பிறகு ஓ.எம்.ஆரில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. திரும்பும்போது 'டக் டக்' என்கிறது. – சோழிங்கநல்லூர் வாசகர்

வீல் அலைன்மென்ட் செய்தீர்களா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முன்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் மாறும். சத்தத்துக்கு, சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் அந்தத் தண்டின் சரிவு அதிகமாகிவிட்டிருக்கலாம். அப்படியானால் முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்.

வலது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. – பெரம்பூர் வாசகர்

டிரைவர் உட்காரும் பக்கம். விட்டுவிடுங்கள். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் உடைந்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.டி.ஓ. பிடிப்பார்களா? – பெயர் எழுதாதவர்

பெயர் எழுதாததிலிருந்தே பதில் உங்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கும் கேள்விகள் தனி.

மழையில் வேளச்சேரி மிதக்கிறது. உயர்த்தினால் இன்னும் ஆழத்தில் ஓட்டலாம் அல்லவா? – வேளச்சேரி வாசகர்

காற்று இழுக்கும் வாய் இரண்டு அங்குலம் மேலே போகும், அவ்வளவுதான். பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே இருக்கும், பெரிய டயர் போட்டால்தான் அது ஏறும். அதற்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே நீட்டி வையுங்கள். தண்ணீரில் போய் வந்தபின் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் உடனே மாற்றுங்கள்.