கடனில் வாங்கும் பழைய கைக்கடிகாரம் முதலீடு ஆகுமா?

கேள்வி: என் அத்தான் பழைய கைக்கடிகாரங்களை வாங்கி விற்பவர். 1960களில் செய்த ஒமேகா சீமாஸ்டர் ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். டயல் புதிது போல மின்னுகிறது. "கடன் போட்டாவது வாங்கிவிடு, மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும்" என்கிறார். கேமராவுக்கும் மடிக்கணினிக்கும் ஏற்கெனவே தவணை கட்டி வருகிறேன். இதுதான் என் முதல் விண்டேஜ் கடிகாரம். வாங்கலாமா?

பதில்: கடனில் வேண்டாம். இரண்டு தவணைகள் ஓடுவதை நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதில்தான். ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்குவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த முறை 'முதலீடு' என்ற பெயர் சேர்ந்திருப்பதால் மனமும் உறுத்தவில்லை.

கடிகாரத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் என்றால் மாதம் ஏறக்குறைய மூன்றரை. மொத்தம் 125 கட்டுவீர்கள். பல வருடம் பிரிக்காத இயந்திரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும். சர்வீஸுக்கு 10 சேர்த்தால் 135. விற்கும்போது வியாபாரி தன் பங்காக 20 சதவீதம் கழிப்பார் என்றால், சந்தையில் அது 170 போனால்தான் போட்ட பணமே திரும்பும். பயன்படுத்திய சொகுசுக் கடிகாரங்களின் விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு சரிந்ததையும் அத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மின்னும் டயல் எனக்கு நல்ல அடையாளமாகத் தெரியவில்லை. அறுபது வருட டயல் அப்படி இருந்தால், மீண்டும் பூசியதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மங்கிய அசல் டயலுக்குத் தரும் விலையைச் சேகரிப்பாளர்கள் மறுபூச்சுக்குத் தரமாட்டார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: எழுத்துகளின் ஓரம் தடித்துக் கசிந்திருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளை விட்டு விலகி நிற்கின்றனவா? இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காலப் பூச்சில் சேர்த்த கதிரியக்கப் பொருளான டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12 வருடம்தான்; 1960களின் பூச்சு இன்றைக்கும் இரவு முழுக்கப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத்தில் பூசியது. அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அந்தப் பத்தாண்டின் தொடக்கம் வரை கதிரியக்கமுள்ள ரேடியமும் பூசினார்கள்; அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

கேமரா, மடிக்கணினித் தவணைகளை முதலில் முடியுங்கள். பிறகு அதே மூன்றரையை மாதாமாதம் தனியாகப் போடுங்கள். 29 மாதத்தில் 100 கையில் இருக்கும், கடனை அடைக்க ஆகும் 36 மாதத்துக்கு முன்பே. அவ்வளவு பொறுக்க முடியாவிட்டால், 1970களின் சீகோ கடிகாரம் ஒன்றைச் சேமித்த பணத்தில் வாங்குங்கள். அதன் பின்மூடி வரிசை எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். கற்றுக்கொள்ள நல்ல கடிகாரம், தவறினாலும் இழப்பு சிறிது.

அத்தானிடம் மறுத்துச் சொல்லத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. சண்டை வேண்டாம். மூன்று வருடம் கழித்து 170க்கு அவரே திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் படம் ஒன்றும் கேளுங்கள்.